எங்கள் பக்கத்தில் தொழில் பிறந்த கதை

மலர்க் குழு நண்பர்கள், "உங்க ஊர்ப் பக்கத்துத் தொழில் வரலாறு பத்தி ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வரலாறு படித்தவன் அல்ல. நம் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் வட்டாரத்துச் சிறு தொழில்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக் காலத்தை ஓட்டியவன். பிறகு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு சம்பவம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் கல்லூரியில் தொழில்முனைவோர் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. பழைய மாணவன் என்ற முறையில் என்னையும் மேடையில் ஓர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பேச்சாளர், "உங்கள் குடும்பத்தில் தொழில்முனைவோர் யாராவது உண்டா? கை தூக்குங்கள்" என்றார். நூறு பேருக்கு மேல் இருந்த அரங்கில் மூன்று கைகள்தான் எழுந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே உட்கார்ந்திருந்த முகங்களில் பதினைந்து இருபது பேரின் வீடு எனக்குத் தெரியும். திண்ணையில் நாலு தையல் மிஷின், உள்ளே ஒரு ஓவர்லாக் மிஷின், மாடியில் கட்டிங் டேபிள். சில வீடுகளின் கரண்ட் பில்கூட எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பிள்ளைகள் கை தூக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது தொழில் இல்லை, 'வீட்டு வேலை'.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. ஆனால் அதை நூலாக்கிய பெரிய ஆலைகள் முதலில் வேறெங்கோ எழும்பின. ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் 1885 இல் ஆலை தொடங்கினார்கள். பிறகு தூத்துக்குடி, அப்புறம் 1892 இல் மதுரை. பஞ்சு இங்கே, லாபம் அங்கே. 1927 இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக ஓடத் தொடங்கியது. அதற்குப் பின் 1936 இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். கூட்டுப் பங்கு நிறுவனம். இது சாதாரண விஷயமில்லை. தனி ஒருவர் பெட்டிக்குள் வைத்திருந்த பணம் தொழிலுக்கு வருவது ஒன்று. பலருடைய பணம் ஒரே கணக்குப் புத்தகத்தின் கீழ் வருவது வேறு. கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்றே ஆண்டில், 1939 இல், அறுவை சிகிச்சைப் பஞ்சு செய்ய ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. பருத்தி வெறும் வேட்டி சேலைக்கு மட்டும் என்ற நிலை அங்கே மாறியது. இன்றைக்கு ராஜபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி, அய்யங்கொல்லங்கொண்டான், சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிகளில் ஓடுவது பெரும்பாலும் பேண்டேஜ் துணிதான். கண் கண்ணாக இடைவெளி விட்டு நெய்த துணி, வெளுத்து, அறுத்து, சுருட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. எந்த ஊரில் யாருக்குக் கட்டுப் போட்டாலும் அதில் நம்ம பக்கத்து நூல் இருக்கலாம்.

ராஜபாளையத்து ஆலைக்காரர்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1957 இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பதிவானது. துலுக்கப்பட்டியில் தொழிற்சாலை வந்தது. 1962 இல் ராமசாமி ராஜா மறைந்தார். மகன் காலத்தில் 1997 இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமே தனியாக வந்துவிட்டது. பஞ்சிலிருந்து கம்ப்யூட்டர் வரை அறுபது ஆண்டு.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு பாதையும் உண்டு. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அதற்குப் பின் நடந்தது. முதலில் ஜெர்மனியிலிருந்து மிஷின் தருவித்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டுக் கைவேலைக்கு மாறினார்கள். மழை குறைந்த ஊர், வேலை தேடும் கைகள் ஏராளம், கையில் முதல் குறைவு. இந்தக் கணக்குக்கு மிஷின் பொருந்தவில்லை. மிஷின் வாங்குவது மட்டும்தான் புதுமை என்று நினைக்கிறோம். மிஷினை ஒதுக்கி வைத்ததும் ஒரு புதுமைதான். அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் நெடுங்காலம் இருந்தன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனசு வரவில்லை.

இனி எங்கள் செட்டியார்பட்டிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பெயர் நைட்டி. ராத்திரி உடுப்பு என்று பெயர் வைத்த வெள்ளைக்காரனுக்கு, நம் தாய்மார்கள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காலையில் பால் வாங்குவதிலிருந்து ரேஷன் கடை வரை போய் வருவார்கள் என்று தெரியாது. அந்தத் தேவையைப் புரிந்துகொண்டு, குறைந்த விலையில், துவைத்தால் தாங்குகிற மாதிரி தைத்துக் கொடுத்தவர்கள் எங்கள் வட்டாரத்துக்காரர்கள். தளவாய்புரம் - செட்டியார்பட்டி நைட்டி என்றால் தமிழ்நாடு தாண்டியும் வியாபாரிக்குத் தெரியும். துணி மொத்தமாக வரும். ஒருவர் வெட்டுவார், பத்து வீடு தைக்கும், இன்னொரு வீடு ஓவர்லாக், வேறொரு வீடு பட்டன், அப்புறம் இஸ்திரி, பேக்கிங். ஊரே ஒரு தொழிற்சாலை, ஆனால் காம்பவுண்டுச் சுவர் கிடையாது.

ஆலை மேல்நோக்கி வளர்ந்தது. எங்கள் தொழில் அகலமாக வளர்ந்தது. அகலமாக வளர்ந்ததால்தான் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதே காரணத்தால்தான் யாரிடமும் அடுத்த படி ஏறுவதற்கான பணம் சேரவில்லை.

என் கதையையே சொல்கிறேன். 1993 அக்டோபரில் படித்த வேலையில்லா இளைஞர்களுக்காகப் பிரதம மந்திரியின் ரோஜ்கார் யோஜனா வந்தது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. நான் திட்ட அறிக்கை தயார் பண்ணிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை. "அதெல்லாம் சரி தம்பி, வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்றார். மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் எனக்கு முதல் கொடுத்தது சர்க்காரும் இல்லை, வங்கியும் இல்லை. எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர். இரண்டு பேல் துணியைக் கடனாக இறக்கிவிட்டு, "வித்துட்டுக் குடுப்பா" என்றார். கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

ஆறு மிஷின் போட்டேன். இரண்டு ஆண்டு ஓடியது. தையலில் குறை இல்லை, விற்பனையிலும் குறை இல்லை. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் சரக்குப் போனது, பணம் வரவில்லை. இந்த மாசம், அடுத்த மாசம், தீபாவளி கழித்து என்று இழுத்தது. தைத்தவர்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆக வேண்டும். மிஷின்களை விற்று அண்ணாச்சி கடனை அடைத்தேன். அன்றிலிருந்து மற்றவர்கள் கணக்கை எழுதுகிறேன்.

இதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வளரும் நாட்டில் சிறு தொழில் ஏன் சிறியதாகவே நின்றுவிடுகிறது என்று மேடையில் கேட்கிறார்கள். துணிச்சல் இல்லை, பயிற்சி இல்லை என்று பதிலும் சொல்கிறார்கள். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1960களில் டேவிட் மெக்கிலெலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆந்திராவின் காக்கிநாடாவில் வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாக முதலீடு செய்ததைக் காட்டினார். நல்லதுதான். ஆனால் என் கணக்குப் புத்தகங்களில் நான் பார்த்த மூடுவிழாக்களில் பெரும்பாலானவை துணிச்சல் குறைந்து வந்தவை அல்ல, பாக்கி வராமல் வந்தவை.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. தொழிற்கடன் கொடுக்க 1949 இலேயே இன்றைய டி.ஐ.ஐ.சி.யின் முன்னோடி சென்னையில் வந்துவிட்டது. 1970 இல் சிட்கோ. 1978 முதல் மாவட்டத் தொழில் மையங்கள். விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 2023 இல் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட்டாக உயர்ந்தது. 2006 ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு தொழில்காரரிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. இது எங்கள் காலத்தில் இருந்திருந்தால்! ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் சட்டத்தைவிடப் பெரியது. 2024 ஏப்ரலிலிருந்து, காலத்தில் தராத பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டு வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று வந்தது. அதற்குப் பிறகுதான் என் கட்சிக்காரர்கள் சிலருக்கு மார்ச் மாதத்தில் போன் வர ஆரம்பித்தது: "உங்க உத்யம் நம்பர் என்ன?" பதிவு செய்யாதவர்கள் முழித்தார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்ததும், கை தூக்காத பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் வந்தாள். இரண்டாமாண்டு பி.காம். "சார், எங்க வீட்லயும் நைட்டி தைக்கிறோம். நாங்களே துணி எடுத்துத் தச்சு வித்தா எவ்வளவு நிக்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்று நோட்டை நீட்டினாள். துணி, நூல், லேஸ், வெட்டுக்கூலி, கரண்ட், வண்டி வாடகை எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருந்தாள். லாபம் நன்றாகவே வந்தது.

"தைக்கிறது யாரும்மா?"

"அம்மா சார்."

"அம்மா கூலி எங்கே?"

"அம்மாவுக்கு எதுக்கு சார் கூலி?"

நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று, ஒரு பீஸுக்கு வெளியில் என்ன கூலியோ அதை எழுதிக் கூட்டினாள். லாபம் பாதிக்கும் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, விற்கும் விலையை மேலே எழுதி, மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.