ரிலே பிறந்த கதை

எம்ஜிபி என்றொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதை இன்றும் சீராட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாடை நன்றாகத் தெரியும். இரவில் ஹெட்லைட்டைப் போட்டு அரைமணி ஓட்டினால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. சுவிட்சைத் தொட்டால் சுடும்.

அந்தக் காரின் ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. விளக்குக்கான மின்சாரம் மொத்தமும் பழுப்பு வயரில் வந்து, சுவிட்சுக்குள் நுழைந்து, நீல வயரில் வெளியேறி, டிம்-பிரைட் சுவிட்சையும் தாண்டித்தான் பல்புக்குப் போகிறது. 60 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். புதிதில் சுவிட்ச் தாங்கும். நாளாக ஆக உள்ளேயிருக்கும் உலோக முனைகள் கறுத்துப்போகும். அங்கே 0.1 ஓம் தடை சேர்ந்தாலே, கடுகளவு இடத்தில் ஏறத்தாழ 9 வாட் வெப்பம். சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. ஃபியூஸ் எரியாதா என்று கேட்கலாம். தடை கூடினால் மின்னோட்டம் குறையத்தானே செய்யும்? ஃபியூஸ் இருந்தாலும் அதற்கு ஒன்றுமே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். அணைத்துவிட்டு ஓம் பார்த்தால் எல்லாம் யோக்கியமாகத் தெரியும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை பல்பின் பாசிட்டிவிலும் வைத்தால் வழியில் தொலைந்த வோல்ட் தெரிந்துவிடும். பல்புக்குப் பத்து சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடுகிறது. வெளிச்சம் போதவில்லை என்று சிலர் 100 வாட் பல்பை மாட்டுவார்கள். சுவிட்சுக்குக் கொள்ளி வைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

இந்த நோய்க்கு மருந்து, அந்தக் கார் பிறப்பதற்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தது.

அமெரிக்காவின் ஆல்பனியில், சிறுவயதில் கடிகாரக் கடையில் தொழில் பழகிய ஜோசப் ஹென்றி, பிறகு ஆசிரியரானார். மின்காந்தத்தில் அவருக்குத் தீராத பித்து. 1831-இல் ஒரு மைலுக்கு மேல் நீண்ட கம்பியின் மறுமுனையில் மின்காந்தத்தால் மணியடிக்க வைத்தார். அடுத்த ஆண்டு பிரின்ஸ்டனுக்குப் போனார். அங்கே ஆயிரம் கிலோவுக்கு மேல் தூக்கும் ராட்சதக் காந்தம் ஒன்று செய்தார். ஆனால் நீண்ட கம்பி வழியே வந்து சேரும் மின்சாரம் பலவீனமானது, அதைக் கொண்டு ராட்சதனை ஆட்டுவிக்க முடியாது. 1835 வாக்கில் அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. பலவீனமான மின்சாரம் ஒரு குட்டிக் காந்தத்தை அசைத்தால் போதும். அந்தக் குட்டி, பக்கத்திலேயே இருக்கும் பெரிய பேட்டரியின் இணைப்பைத் திறந்து மூடட்டும். மாணவர்கள் பார்த்திருக்க, தொலைவிலிருந்து இணைப்பை அறுத்து, காந்தம் தூக்கியிருந்த பாரத்தைத் தடாலென்று விழச்செய்வாராம். பாகனின் கால்விரல் காதருகே அழுத்த, யானை மரத்தைக் கீழே போடுவது போல.

ஹென்றி இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆதாயம் தந்திக்குப் போயிற்று. 1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பிய மோர்ஸின் தந்தியும் இந்த உத்தியைத்தான் நம்பியிருந்தது. களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக்குதிரை பூட்டுவதைக் குறித்த சொல்லே அந்தக் கருவிக்கும் பெயராகி, ரிலே என்று நின்றுவிட்டது.

எம்ஜிபியைச் செய்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கார்க்காரர்களே பானெட்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சிறிய ரிலே இரண்டை வைத்துக்கொள்கிறார்கள், ஹைபீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து தடித்த வயர், இடையில் ஃபியூஸ். 87-லிருந்து பல்புக்கு. 85-க்கு எர்த். பழைய ஹெட்லைட் வயரை 86-இல் செருகினால் முடிந்தது. டாஷ்போர்டு சுவிட்ச் வழியே இனி ஓடுவது ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான். சுவிட்சைத் தட்டினால் முன்பக்கம் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு வெளிச்சம்.