சீனர்கள் போன வழியும் சலீம் போன வழியும்

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் ஒரு சீனக் கால்பந்துக் குழு கல்கத்தாவில் இறங்கியது. கையில் வழிச்செலவுக்குக் காசில்லை. போகிற ஊரிலெல்லாம் ஆடி, டிக்கெட் வசூலைச் சேர்த்துக்கொண்டே ஐரோப்பா போய்ச் சேரலாம் என்று கிளம்பிவிட்டார்கள். தென்கிழக்காசியா, பர்மா, இந்தியா என்று மொத்தம் 27 ஆட்டங்கள். ஹாங்காங்கின் லீ வை டாங் கேப்டன். கால்பந்தின் ராஜா என்று சீனர்கள் கொண்டாடிய ஆட்டக்காரர்.

அவர்களுக்கு எதிராகக் கல்கத்தாவில் இறங்கிய இந்திய அணியில் வலது விங் முகமது சலீம். கல்கத்தாவின் மெட்டியாப்ரூஸ் பகுதிக்காரர். மருந்தாளுநர் படிப்புப் படித்தவர். ஆடிய கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934இல் கல்கத்தா லீக்கை முதன்முதலாக ஓர் இந்தியக் கிளப் வென்றது என்றால் அது இந்தக் கிளப்தான். சலீம் காலில் பூட்ஸ் கிடையாது. அன்று அவர் ஆடியதைச் சீனர்களே பாராட்டினார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணோம். போலீசுக்குப் போய்ச் சொல்கிற அளவுக்குத் தேடியிருக்கிறார்கள். சலீமோ உறவினர் ஹாஷிமோடு கப்பலேறிவிட்டார். கெய்ரோ, லண்டன், அங்கிருந்து கிளாஸ்கோ.

இந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. நெய்வேலி முதல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தேன். இப்போது குடியிருப்பது இந்திரா நகரில். காலையில் கிரவுண்டுக்குப் போவதை மட்டும் விடவில்லை. சலீம் கப்பலேறிய காலத்தில் எங்கள் டவுன்ஷிப்பே கிடையாது. இந்தப் பக்கம் முந்திரியும் மானாவாரி நிலமும்தான். இங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தண்ணீரோடு கரும்பழுப்பாக ஏதோ, பின்னால் சுரங்கம் வரக் காரணமான நிலக்கரி, மேலே வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

கிளாஸ்கோவில் செல்டிக் கிளப்பின் மேலாளர் வில்லி மெய்லி. இந்தியாவிலிருந்து நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், ஒருமுறை ஆடவிட்டுப் பாருங்கள், ஆனால் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று ஹாஷிம் போய்க் கேட்டிருக்கிறார். ஸ்காட்லாந்து மண்ணில், இரும்பு மாதிரி பூட்ஸ் போட்ட பின்களக்காரர்களுக்கு நடுவே வெறுங்காலா என்று அவர்கள் திகைத்ததில் ஆச்சரியம் இல்லை. இருந்தாலும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனெமி சலீமின் பாதத்துக்குக் கட்டுப் போடுகிறார். மெக்மெனெமி சாதாரண ஆள் இல்லை. அதே செல்டிக்கில் முன்களத்தில் ஆடிப் பெரும்புகழ் பெற்றவர். இந்தியா அடிமை நாடாக இருந்த காலத்தில் அப்படி ஒருவர் ஓர் இந்தியனின் காலைப் பிடித்துக் கட்டுகிறார் என்பது எனக்கு இன்றும் நெஞ்சை நிறைக்கிற காட்சி. நாங்களும் அப்படித்தான் கட்டினோம். பழைய வேட்டியைக் கிழித்துக் கணுக்காலிலிருந்து புறங்கால் வரை இறுக்கிச் சுற்றி, விரல்களை மட்டும் வெளியே விட்டுவிடுவோம். பந்து எங்கே இருக்கிறது என்று விரல்தான் சொல்லும். கட்டு இல்லாமல் எங்கள் செம்மண் சரளையில் ஆடினால் பாதி ஆட்டத்தில் தோல் உரிந்துவிடும். மழை பெய்தால் இன்னும் மோசம். அந்தக் காலத்துத் தோல்பந்து தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும்; வெறுங்காலில் உதைத்தால் எலும்பு வரை வலிக்கும்.

1936 ஆகஸ்ட் 28. கிளாஸ்கோவில் கால்ஸ்டன் அணியோடு ஆட்டம். செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. மறுநாள் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை சலீமை இந்திய வித்தைக்காரர் என்று எழுதியது. பந்தைக் கட்டைவிரலில் நிறுத்தி, அங்கிருந்து சுண்டுவிரல் வரை உருளவிட்டு, ஒற்றைக்காலில் எதிராளியைச் சுற்றி வந்து நடுவில் நிற்பவனுக்குத் தட்டிவிடுவாராம். எங்கள் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பூட்ஸ் போட்ட கால் முழுதும் ஒரே கட்டை, விரல் தனித்தனியாக வேலை செய்யாது. பூட்ஸைக் கழற்றினால் பந்து கட்டைவிரலில் கொஞ்சம் நிற்கிறது, உருளும்போது நழுவிவிடுகிறது.

ஆனால் வித்தை வித்தை என்று சொல்லியே சலீமின் ஆட்டத்தை மறைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். அன்று விழுந்த ஏழு கோல்களில் மூன்று அவர் அமைத்துக்கொடுத்த பந்துகள். விங்கில் ஆடுகிறவனின் வேலையே அதுதான். பேர் கோல் போட்டவனுக்குப் போகும். அன்று பெனால்டி அடிக்கச் சொன்னபோது கூச்சமாக இருக்கிறது என்று மறுத்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது, ஹாஷிம்தான் பேசியிருக்கிறார். ஹாமில்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பெனால்டியைத் தானே அடித்துக் கோல் போட்டார். பாஷை தெரியாத ஊரில் அந்தக் கூச்சம் எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவ்வளவுதான் அவருடைய வெளிநாட்டு ஆட்டம். வீட்டு நினைப்பு வந்துவிட்டது. கிளப் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஊர் திரும்பி மறுபடி முகமதனுக்கே ஆடினார். அந்த அணி 1934 முதல் 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து லீக்கை வென்றது. முதுமையில் சலீம் நோயில் விழுந்தபோது, வைத்தியத்துக்கு உதவி கேட்டு அவர் மகன் செல்டிக்குக்குக் கடிதம் எழுதினார். 100 பவுண்டுக்குக் காசோலை வந்தது. அப்பாவை அங்கே இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதே போதும் என்று அவர் அதை மாற்றாமல் பத்திரப்படுத்திக்கொண்டார். சலீம் 1980இல் காலமானார்.

சீனர்கள் பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றார்கள். ஒரே ஆட்டம். அதற்காக எத்தனை துறைமுகம், எத்தனை மைதானம்! இருந்தாலும் போனது ஒரு நாட்டின் அணி. இந்தியாவிலிருந்து அதே பெர்லினுக்கு தியான் சந்தின் ஹாக்கி அணி போய்த் தங்கம் வென்றது. கால்பந்து அணி போகவில்லை. அனுப்புவதற்கு நாடு முழுமைக்குமான சம்மேளனமே அப்போது கிடையாது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பிறந்தது 1937இல். சலீமுக்குக் கூட வர ஓர் உறவினர்தான் இருந்தார். இன்னொரு பத்துப் பேர் கூட இருந்திருந்தால் அவர் அவ்வளவு சீக்கிரம் ஊர் திரும்பியிருப்பாரா? திரும்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

1948இல் லண்டன் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி போனது. பெரும்பாலோர் வெறுங்கால், சிலர் காலில் கட்டு. பிரான்சிடம் 1-2 என்று தோல்வி. அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். சீனாவும் அந்த ஒலிம்பிக்கில் ஆடியது. பயிற்சியாளராக வந்திருந்தவர் அதே லீ வை டாங். நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்தது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

இன்று எங்கள் கிரவுண்டில் பூட்ஸ் இல்லாத பிள்ளை அபூர்வம். பக்கத்துக் கடலூரிலிருந்து போய் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டரானவர். பெண் பிள்ளைகள் அவர் பேரைச் சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கி வருகிறார்கள். நன்றாக ஆடுகிற ஒரு பிள்ளைக்கு வெளியூர் முகாமிலிருந்து அழைப்பு வந்தால், கூட இன்னும் இரண்டு பேரையாவது சேர்த்து அனுப்பப் பெற்றோரிடம் பேசுகிறேன். பஸ் செலவுக்கு டவுன்ஷிப்பில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், யாரும் இல்லை என்று சொன்னதில்லை.