ஓடை நீரும் வீட்டு விளக்கும்

திருப்புட்குழியிலிருந்து கல்லூரிக்கு வரும் என் மாணவர் ஒருவர் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "சார், தாமல் ஏரி மதகில் அவ்வளவு நீர் பாய்கிறதே! ஒரு சின்ன ஜெனரேட்டர் வைத்து எங்கள் வயல் வீட்டுக்கு விளக்கு எரிக்க முடியாதா? எந்த ஜெனரேட்டர் வாங்கலாம்?"

கரும்பலகையிலேயே கணக்கிட்டோம். விநாடிக்கு 50 லிட்டர் நீர் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். 50 × 9.8 × 1 = 490 வாட். சுழலியிலும் மின்னாக்கியிலும் பாதி வீணாகும். எஞ்சுவது ஏறத்தாழ 250 வாட். சில விளக்குகளுக்கு இது போதும். ஆனால் மதகை மூடிவிட்டால்? அவ்வீட்டுக்குச் சூரிய மின்தகடே ஏற்றது என்றேன். மாணவர் முகம் வாடிற்று. மின்னாக்கி எது என்பது இறுதியில் கேட்க வேண்டிய கேள்வி. நீர் எவ்வளவு, விழும் உயரம் எவ்வளவு என்பவையே முதற்கேள்விகள்.

ஓடை நீரால் முதன்முதலில் மின்விளக்கேற்றிய வீடு இங்கிலாந்தில் உள்ளது. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர் தம் கிராக்சைடு மாளிகையில் 1878 இல் வில் விளக்கையும், 1880 இல் ஸ்வான் கண்டுபிடித்த இழை விளக்குகளையும் எரித்தார். அவருக்குக் கிடைத்த வீழ்ச்சி சுமார் 9 மீட்டர். சுழலியின் திறன் 6 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 4.5 கிலோவாட். ஓடையோ வீட்டிலிருந்து 1.4 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வளவு தூரத்துக்கும் செம்புக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. செல்வரால் முடிந்தது!

அதே 1880 இல் அமெரிக்காவில் பெல்டன் தம் கிண்ணச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நீர் குறைவாயினும் உயரம் மிகுந்த மலைகளுக்கு அது பொருந்தியது. 1897 இல் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 65 கிலோவாட் மின்னாக்கிகள் இரண்டு இயங்கத் தொடங்கின.

நம் கதைக்கு நெருக்கமான இடம் இலங்கையின் மலையகம். அங்கே நூற்றுக்கணக்கான தேயிலைத் தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் சுழலிகளை அமைத்துக்கொண்டன. கொழுந்தை உருட்டும் பொறிகள் அவற்றால் ஓடின. துரை பங்களாவில் விளக்கெரிந்தது. கொழுந்து பறித்த நம்மவர் வாழ்ந்த லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஓடை எல்லோருக்கும் அருகில்தான் ஓடியது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கியது. பொது மின்சாரம் மலிவாகக் கிடைக்கவே தோட்டச் சுழலிகள் பல துருப்பிடித்தன. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்ததும் அவற்றின் நினைவு மீண்டும் வந்தது.

இம்முறை வேறொரு மின்னாக்கி தேர்வாயிற்று. நம் கிணற்றடியில் பம்பை ஓட்டுகிறதே, அந்தத் தூண்டல் மோட்டார்தான் அது! மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழல்கிறது. அதையே சுழலியோடு இணைத்து, நிமிடத்துக்கு 1500 சுற்றுகளுக்குச் சற்று மேல் சுழற்றி, முனைகளில் தக்க மின்தேக்கிகளைப் பொருத்தினால் அது மின்சாரம் தரும். இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத்தன்மையே தொடக்கத்துக்குப் போதும். பாசெட், பாட்டர் ஆகிய இருவர் 1935 லேயே இதை விளக்கியிருந்தனர்.

இதில் தேயும் தூரிகைகள் இல்லை. கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் மின்னழுத்தம் தானே வீழ்ந்துவிடும். சுருள் கருகுவது அரிது. பழுதானால், மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரே சரிசெய்துவிடுவார். குறை ஒன்றுண்டு. ஒரு வீட்டில் விளக்கை அணைத்தால் மற்ற வீடுகளில் மின்னழுத்தம் ஏறிவிடும். நீரைத் திருகிக் குறைக்கும் கருவி விலை மிகுந்தது. எனவே, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு வெந்நீர்ச் சூடேற்றிக்குத் திருப்பிவிடும் மின்னணுக் கட்டுப்படுத்தியைச் சேர்த்தார்கள். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மின்னாக்கியின் சுமை மாறுவதில்லை.

1990களில் இலங்கைக் கிராமத்தார் சங்கம் அமைத்து, தாமே கால்வாய் வெட்டி, இத்தகைய சிறு நிலையங்களை நிறுவினர். வீட்டுக்குக் கிடைத்தது நூறு, இருநூறு வாட்டுதான். இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லை. பின்னர்ப் பொது மின்கம்பி அவ்வூர்களையும் எட்டியது. பல நிலையங்கள் நின்றுபோயின. சில மட்டும் அக்கம்பியோடு இணைந்து, தம் மின்சாரத்தை விற்கத் தொடங்கின.