மக்கள்தொகை அட்டவணையில் என் பூட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு கஷாயத்தின் செய்முறையை அனுப்பியிருந்தார். மூன்று நாள் குடித்தால் எதிர்ப்பு சக்தி பெருகும், எந்த வைரஸும் அண்டாது என்று அதில் இருந்தது. "சார், இது சரியா?" என்று கேட்டிருந்தார். நான் டாக்டர் இல்லை. முப்பத்து மூன்று வருடம் வரலாறும் புவியியலும் சொல்லிக் கொடுத்தவன். எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் மக்கள்தொகைப் பாடம் நினைவிருக்கிறதா? 1911-ல் 25.21 கோடி, 1921-ல் 25.13 கோடி. கணக்கெடுப்பு தொடங்கிய காலம் முதல் நம் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது. அதனால்தான் 1921-ஐப் 'பெரும் பிரிவினை ஆண்டு' என்கிறோம். "ஏன்?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்பேன். "பஞ்சம், கொள்ளைநோய், முதல் உலகப்போர்" என்று எழுதினால் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். அந்தக் 'கொள்ளைநோய்' என்ற ஒரு சொல்லுக்குள் என் சொந்தப் பூட்டியும் இருக்கிறாள் என்று ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அந்த நோய் 1918-ல் வந்த இன்ஃப்ளூயன்சா. போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைத் தணிக்கை இல்லை. அங்கே மன்னர் படுத்தது வரை செய்தி வெளியானது. அதனால் 'ஸ்பானிஷ் காய்ச்சல்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டுக்குள் அது பம்பாய் துறைமுகம் வழியாக நுழைந்தது. 1918 ஜூன் 10-ம் தேதி ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் பார்த்தவர். அடுத்தடுத்து கப்பல் கம்பெனி ஊழியர்கள், தந்தி அலுவலகத்தார், மில் தொழிலாளிகள் என்று பரவியது. அந்த முதல் அலை லேசானது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் கொன்றது. அக்டோபர் 6 அன்று பம்பாய் நகரில் மட்டும் 768 பேர் இறந்தார்கள். ரயில் போன இடமெல்லாம் நோயும் போனது. பம்பாய், மத்திய மாகாணங்களை விட நம் சென்னை மாகாணத்தில் பாதிப்பு குறைவுதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல.

எங்கள் ஆச்சி ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆச்சிக்கு அப்போது எட்டு வயது. அவள் அதை 'விஷக்காய்ச்சல்' என்பாள். "வீட்டுல எல்லாரும் படுத்துட்டோம்யா. தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. எங்கம்மைதான் எந்திரிச்சு எந்திரிச்சு வந்து எங்களப் பாத்தா. அஞ்சாம் நாளு அவ எந்திரிக்கல" என்று சொல்வாள். என் பூட்டிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் எதிர்வீட்டுக் கிழவி தினமும் திண்ணையில் ஒரு சட்டி கஞ்சி வைத்துவிட்டுப் போனாளாம். அந்தக் கிழவிக்குக் காய்ச்சலே வரவில்லை. "அந்தக் கஞ்சிதான் எங்களப் பொழைக்க வச்சுது" என்று சாகும்வரை சொன்னாள் ஆச்சி.

நான் பின்னாளில் படித்தபோதுதான் இந்தக் கதை எவ்வளவு சரியான வரலாறு என்று புரிந்தது. சாதாரணக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும்தான் கொண்டுபோகும். இது இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை அள்ளிப் போனது. நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான், அரை வயிறு சாப்பிட்டதும் அவர்கள்தான். அந்த வருடம் நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறியிருந்தது. இந்தியாவில் இறந்தவர்கள் 60 லட்சம் என்று அரசாங்கம் முதலில் சொன்னது. இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை போகிறது.

இன்னொரு கணக்கு. பம்பாய் நகரில் ஐரோப்பியர்கள் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். அன்றைய ஆவணங்கள் 'தாழ்ந்த சாதியினர்' என்று குறித்த மக்கள் ஆயிரத்துக்கு 61.6 பேர். வைரஸ் ஒன்றுதான். வீடும் சோறும் காற்றும் கவனிப்பும்தான் வேறு. எதிர்ப்பு சக்தி என்பது அவரவர் ரத்தத்தில் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்றைய மருத்துவர்கள் கையில் எதுவும் இல்லை. இது ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்றே பலரும் நம்பினார்கள். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை லண்டனில் பிரித்தெடுத்தது 1933-ல்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவில் போனார்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்.

சரி, திடகாத்திரமான இளைஞர்கள் ஏன் செத்தார்கள்? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, அவர்கள் உடம்பின் எதிர்ப்பே அளவுமீறிப் போய் நுரையீரலைப் பாழாக்கியது என்பது. கிழவி தப்பியதற்குச் சொல்லும் காரணம், அவள் வயதுக்காரர்கள் சின்ன வயதில் இதன் சாயல் கொண்ட ஒரு வைரஸைப் பார்த்திருக்கலாம் என்பது. அதாவது எதிர்ப்பு சக்தி என்பது ஊதி ஊதிப் பெரிதாக்கும் பலூன் இல்லை. அது ஞாபகம். வகுப்புக்குப் புதிதாக வந்த பையனின் பெயர் எனக்கு முதல் நாள் தெரியாது. நாலு நாள் பார்த்தால் பின்னாலிருந்தே அடையாளம் சொல்வேன். தடுப்பூசி என்பது அந்தப் பையன் வருவதற்கு முன்பே அவன் போட்டோவைக் காட்டுவது. கஷாயத்தில் அந்த போட்டோ கிடையாது.

இனி சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம். 2021 மார்ச்சில் அறுபது வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, சர்க்கரைக்காரன். "அண்ணே, போடலாமா?" என்று கேட்டான். "அவசரப்படாதே. கஷாயம் குடி, எதிர்ப்பு சக்தி இருந்தால் போதும்" என்றேன். இதே மாதிரி ஒரு செய்தியை அவனுக்கு அனுப்பியும் வைத்தேன். மே மாதம் அவன் போய்விட்டான். ஊசி போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பான் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் அவனுக்கு இருந்த நல்ல வாய்ப்பை, வாத்தியார் சொல்லுக்கு இருந்த மரியாதையை வைத்து நான் தட்டிவிட்டேன். அவன் மனைவியிடம் நேரில் சொல்லிவிட்டேன். அவளுடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பிலும் ஒரு தவறு செய்திருக்கிறேன். காந்திக்கு ஸ்பானிஷ் காய்ச்சல் வந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். 1918-ல் அவரைப் படுக்கவைத்தது கடுமையான வயிற்றுக்கடுப்பு. அந்தக் காய்ச்சலில் இறந்தது அவருடைய மூத்த மருமகள், ஹரிலாலின் மனைவி. குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே, கேட்ட மாணவருக்கு என் பதில். கஷாயம் தொண்டைக்கு இதம். பிடித்தால் குடியுங்கள். ஆனால் உடம்பைக் காப்பது வேறு: பருப்பும் முட்டையும் கீரையும் உள்ள சாப்பாடு, நல்ல தூக்கம், கட்டுக்குள் சர்க்கரை, பீடி சிகரெட் இல்லாத நுரையீரல், திறந்த ஜன்னல். முதியவர்கள் வருடா வருடம் போடும் ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் என் பூட்டி மாதிரி எழுந்து எழுந்து வேலை பார்க்காமல் படுங்கள். முக்கியமாக வீட்டுப் பெண்களைப் படுக்க விடுங்கள். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தால் திண்ணையில் ஒரு சட்டி கஞ்சி வையுங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த விஷக்காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் கீழே எழுதுங்கள். அட்டவணையில் எண் மட்டும்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்