புக்கிட் தீமா தொடருந்து நிலையம்

புக்கிட் தீமா தொடருந்து நிலையம் என்பது சிங்கப்பூரில் 1932-இல் கட்டப்பட்ட சிறிய செங்கல் கட்டடம் ஆகும். 2011-இல் இது மூடப்பட்டது. பின்னர்ச் செப்பனிடப்பட்டு, 2022 சூலை 1 முதல் பொதுமக்கள் கூடும் இடமாகப் பயன்பட்டு வருகிறது.

வரலாறு

சிங்கப்பூரின் முதல் இருப்புப்பாதை 1903-இல் திறக்கப்பட்டது. 1918-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி அதன் நிலங்கள் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் அரசுக்கு 999 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கப்பட்டன. 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடான பிறகும் பாதையும் நிலையங்களும் மலேசியத் தொடருந்துத் துறையிடமே இருந்தன.

நகர நெரிசலைத் தவிர்க்கப் பாதை மாற்றி அமைக்கப்பட்டபோது இந்நிலையம் எழுந்தது. அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலுக்கு வந்த குதிரைகள் இங்கே இறக்கப்பட்டன. மலாயா இருப்புப்பாதைகளில் தமிழகத் தொழிலாளர்களும், நிலைய அதிபர், எழுத்தர் பணிகளில் யாழ்ப்பாணத் தமிழர்களும் பெருமளவில் பணியாற்றினர்.

டோக்கன் முறை

இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல இங்கே கிளைப்பாதை இருந்தது. நிலைய ஊழியர் வளையத்தில் கோத்துக் கொடுக்கும் டோக்கனைப் பெற்ற பிறகே ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வெளியே எடுக்க முடியும் என்பதால் வண்டிகள் மோதுவது தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பழைய மீட்டர் கேஜ் பாதைகளிலும் இம்முறை வழக்கில் இருந்தது. புக்கிட் தீமாவில் இது கடைசி நாள் வரை தொடர்ந்தது.

மூடலும் மீட்பும்

2010-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2011 சூன் 30-உடன் தஞ்சோங் பகார் வரையிலான போக்குவரத்து நின்றது. நிலம் அரிதான சிங்கப்பூரில், சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை துண்டு துண்டாகி, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடமாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. அதை முறியாத பசுமைவழியாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே முன்மொழிந்தது. பொதுமக்களும் ஆதரவு தெரிவித்தனர். 2011 மே மாதம் இந்நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

பெரும்பாலான தண்டவாளங்கள் அகற்றப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்நிலையத்தின் முன்னும், அருகிலுள்ள இரும்புப் பாலத்தின் மீதும் அவை விட்டுவைக்கப்பட்டன.

இன்றைய பயன்பாடு

நிலையக் கட்டடம் வரலாற்றுக் காட்சிக்கூடமாகவும், ஊழியர் குடியிருப்பு சிற்றுண்டியகமாகவும் மாற்றப்பட்டுள்ளன. நடைமேடை, பெயர்ப்பலகை முதலியன பழைய தோற்றத்திலேயே உள்ளன. சுற்றிலும் புல்வெளியும் நடைபாதையும் அமைந்துள்ளன.

கட்டடத்தை மட்டும் காத்திருந்தால் அது பூட்டிய நினைவுச்சின்னமாக நின்றிருக்கும். பாதையும் சேர்ந்து காக்கப்பட்டதால், நடப்பவர்களும் மிதிவண்டியில் செல்பவர்களும் இளைப்பாறும் இடமாக, இது இன்றும் ஒரு நிலையமாகவே விளங்குகிறது.