சிலியின் தனிநபர் ஓய்வூதியக் கணக்குகள்

தென் அமெரிக்க நாடான சிலியில் 1981 மே 1 முதல் நடைமுறையில் உள்ள முதுமைக்கால வருவாய் ஏற்பாடு. இன்று உழைப்பவர்கள் கட்டும் பணத்தைக் கொண்டு இன்றைய முதியவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் அரசு முறையை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தம் பெயரிலுள்ள கணக்கில் சேமிக்க, அதைத் தனியார் நிறுவனம் முதலீடு செய்யும் முறைக்கு முதன்முதலில் மாறிய நாடு சிலி. ஓய்வூதியத்தை அரசு தர வேண்டுமா, அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்ற வாதம் எங்கு எழுந்தாலும் இரு தரப்பும் சிலியைத்தான் சான்றாகக் காட்டுகின்றன.

பழைய முறை குறையற்றதாக இருக்கவில்லை. அமெரிக்காவுக்கு முன்பே, 1924இல், தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் கண்ட நாடு சிலி. ஆனால் காலப்போக்கில் தொழில்வாரியாக முப்பதுக்கும் மேற்பட்ட நிதியங்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. செல்வாக்குள்ள பிரிவினர் சில ஆண்டுப் பணிக்குப் பிறகு நல்ல தொகையோடு ஓய்வு பெற்றனர். கூலித் தொழிலாளியோ 65 வயதுவரை காத்திருந்தார். அவருக்குக் கிடைத்ததையும் விலைவாசி தின்றது. சீர்திருத்தம் தேவை என்பதை அன்றைய சனநாயக அரசுகளும் உணர்ந்திருந்தன.

மாற்றம் வந்த விதம் வேறு. 1973 இராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த அகஸ்டோ பினோசெட்டின் தொழிலாளர் அமைச்சர் ஹோசே பின்யேரா 1980 நவம்பரில் 3500ஆம் எண் ஆணைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது, தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டிருந்தன. எனவே முதியோரின் சோற்றைப் பற்றிய அந்த வாதம் அப்போது நடக்கவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத் தெருவில்தான் நடந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஆணையிட்ட இராணுவத்துக்கும் காவல் படையினருக்கும் புதிய முறை பொருந்தவில்லை. அவர்கள் தங்கள் பழைய அரசு ஓய்வூதியத்தையே வைத்துக்கொண்டனர்.

முறை எளியது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கப்பட்டு, ‘ஏஎஃப்பி’ எனப்படும் நிதி மேலாண்மை நிறுவனங்களில் ஒன்றுக்குப் போகிறது. நிறுவனத்தின் கட்டணம் அதற்கு மேல் தனி. முதலாளி தரப்புப் பங்கு 1981இல் நீக்கப்பட்டது. ஆண்கள் 65 வயதிலும் பெண்கள் 60 வயதிலும் சேர்ந்த தொகையைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் ஆயுள்கால மாத வருமானம் வாங்கலாம், அல்லது கணக்கிலிருந்தே மாதந்தோறும் கணக்கிட்டு எடுக்கலாம். பழைய முறையில் கட்டியவர்களுக்கு அந்தத் தொகைக்கு ஈடாக அரசு பத்திரம் கொடுத்தது. மாறுவதும் மாறாததும் அவர்கள் விருப்பம். 1983 முதல் புதிதாகச் சம்பள வேலையில் சேர்ந்தவர்களுக்கு வேறு வழியில்லை.

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. தொழிலாளர் பணம் நிறுவனத்தின் சொத்திலிருந்து சட்டப்படி பிரித்து வைக்கப்பட்டதால், 1980களின் தொடக்கத்தில் வங்கிகள் கவிழ்ந்து சில ஏஎஃப்பிகளின் உரிமையாளர்களே திவாலானபோதும் சேமிப்பு தப்பியது. திரண்ட நிதி நீண்டகாலக் கடன் சந்தையை உருவாக்கியது. நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டுக்கடன் எட்டியது. எந்த அமைச்சரும் அந்தக் கணக்குகளில் கைவைக்க முடியவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. தனிக்கணக்கு ஒருவருடைய உழைப்பு வாழ்க்கையின் கண்ணாடி. வேலை இருந்த மாதம் பணம் ஏறும், இல்லாத மாதம் ஏறாது. பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் கூலி பெறும் பெண்ணுக்கும், ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலை தேடும் கட்டடத் தொழிலாளிக்கும் பாதி மாதங்கள் வெற்று மாதங்கள். தெருவோர வியாபாரி போன்ற சுயதொழில் செய்வோரைத் திட்டம் நெடுங்காலம் கட்டாயப்படுத்தவே இல்லை. பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்ணின் நிலை இன்னும் மோசம்: சேர்ந்தது குறைவு, ஐந்து ஆண்டு முன்னதாக ஓய்வு, பெண்கள் கூடுதல் காலம் வாழ்வார்கள் என்ற கணக்கால் அதே தொகைக்கு ஆணைவிடக் குறைந்த மாத வருமானம். அரசு முறையில் இத்தகைய இடைவெளிகளைச் சமூகம் பங்கிட்டுச் சுமக்க வழியுண்டு. தனிக்கணக்கில் அவற்றைச் சுமப்பவர் ஒருவரே.

முதியோர் பெருகும் காலத்தில் அரசு முறை தாங்காது என்பது தனிக்கணக்கு ஆதரவாளர்களின் வலுவான வாதம். ஆனால் ஆயுள் கூடும்போது தனிச்சேமிப்பும் அதிக ஆண்டுகளுக்கு நீட்டப்பட வேண்டியிருக்கிறது. அரசு முறையில் அந்தப் பாரம் வரவுசெலவுத் திட்டத்தில் தெரியும்; தனிக்கணக்கில் மாத வருமானம் சிறுத்துத் தெரியும். மாறும் காலத்துச் செலவையும் ஆதரவாளர்கள் குறைத்தே பேசினர். உழைப்பவர்களின் பணம் புதிய கணக்குகளுக்குப் போய்விட, ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கான தொகையை அரசு தன் கருவூலத்திலிருந்து பல பத்தாண்டுகள் கொடுக்க நேர்ந்தது.

1994இல் உலக வங்கி தனிக்கணக்கு முறையைப் பரிந்துரைத்தது. 1990களில் பெரு, அர்ஜென்டினா, மெக்சிகோ முதல் ஹங்கேரி, போலந்துவரை அலை பரவியது. அர்ஜென்டினா 2008இல் அக்கணக்குகளை அரசுடைமையாக்கியது. ஹங்கேரியும் சில ஆண்டுகளில் பின்வாங்கியது. இந்தியாவில் தமிழ்நாடு அரசு 2003 ஏப்ரல் 1 முதலும், மத்திய அரசு 2004 சனவரி 1 முதலும் புதிதாகப் பணியேற்றவர்களைத் தனிக்கணக்குக்கு மாற்றின. இங்கும் முப்படையினருக்கு விலக்கு. ஓய்வுக்குப் பின் எவ்வளவு வரும் என்ற உறுதி வேண்டும் என அரசு ஊழியர்கள் தொடர்ந்து போராட, 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு 25 ஆண்டுப் பணிக்குச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் திட்டத்தைத் தெரிவாக வைத்துள்ளது.

சிலியில் திருத்தங்கள் 2008இல் தொடங்கின. அதிபர் மிச்செல் பாச்செலெட்டின் அரசு வரிப்பணத்திலிருந்து ஏழை முதியோருக்கு அடிப்படை ஓய்வூதியமும், தாய்மார்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூடுதல் தொகையும் கொடுத்தது. அதே ஆண்டு உலக நிதி நெருக்கடியில், ஏஎஃப்பிகளின் நிதிகளுள் பங்குகளில் அதிகம் முதலீடு செய்த ‘ஏ’ நிதி ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. 2016இல் ‘ஏஎஃப்பி இனி வேண்டாம்’ என்ற முழக்கத்தோடு பல லட்சம் பேர் தெருவுக்கு வந்தனர். பெருந்தொற்றின்போது கணக்குகளிலிருந்து மூன்று முறை தலா 10 சதவீதம்வரை எடுக்க நாடாளுமன்றம் அனுமதித்தது; சுமார் 5,000 கோடி டாலர் வெளியேறியது. சிறு சேமிப்பு வைத்திருந்த பலருடைய கணக்கு அத்தோடு காலியானது.

2022இல், முறையை உருவாக்கிய அமைச்சரின் தம்பியான அதிபர் செபஸ்டியன் பின்யேராவே, மிக வசதியான பத்து சதவீதத்தினர் தவிர 65 வயதைக் கடந்த அனைவருக்குமான அரசு ஓய்வூதியத்தில் கையெழுத்திட்டார். கேப்ரியேல் போரிச் ஆட்சியில் 2025இல் நிறைவேறிய சட்டம் தனிக்கணக்குகளையும் ஏஎஃப்பிகளையும் அகற்றவில்லை. ஆனால் முதலாளிகள் கட்டும் பங்கு, இயலாமை, இறப்புக் காப்பீட்டுக்கென அவர்கள் ஏற்கெனவே செலுத்திவந்த கட்டணத்தையும் சேர்த்து, படிப்படியாகச் சம்பளத்தில் 8.5 சதவீதமாக உயரும். அதில் ஒரு பகுதி, நீண்ட ஆயுளால் பெண்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் பொது நிதிக்குச் செல்கிறது.