ரேங்க் பட்டியலும் மரக்கரண்டியும்

மலர்க் குழுவினர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "சார், உங்க காலத்து காலேஜ் நினைவுகளை எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். நினைவுகள் எழுத நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் இந்த மலரில் மூன்று கட்டுரையாவது வந்திருக்கும். நான் கணிதம் படித்து, கணிதமே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் மார்க்கும் மூளையும் ஒன்றுதானா என்று உலகம் கேட்டுப்பார்த்த கதையில் ஒரு பகுதியை எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க சார், ஆனா ஃபார்முலா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதை நடந்த இடம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே கணித ட்ரைபாஸ் என்று ஒரு தேர்வு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, ஹானர்ஸில் தேறியவர்களின் பெயர்களை முதல் ஆள் தொடங்கிக் கடைசி ஆள் வரை ரேங்க் போட்டு வெளியிட்டுவந்தார்கள். முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு 'ராங்ளர்' என்று பெயர். அவர்களில் முதல்வர் 'சீனியர் ராங்ளர்'. அந்தப் பட்டம் கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். 1854-ஆம் வருடத் தேர்வு எட்டு நாள் நடந்தது. பதினாறு தாள், 211 கேள்விகள், மொத்தம் நாற்பத்து நாலரை மணி நேரம். நமக்கெல்லாம் மூன்று மணி நேரப் பரீட்சைக்கே நெற்றியில் விபூதி இட்டு, சகுனம் பார்த்து அனுப்பினார்கள்.

அந்த 1854-இல் முதலிடம் ரௌத் என்பவருக்கு. இரண்டாம் இடம் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஆமாம், இயற்பியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற மின்காந்தச் சமன்பாடுகளின் மேக்ஸ்வெல்லேதான். ரௌத்தும் சாமானியர் இல்லை. எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரியும். ஆனால் அவர் அந்தக் காலத்தில் புகழ் பெற்றது டியூஷனில். அவரிடம் பயிற்சி எடுத்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் சீனியர் ராங்ளர் ஆனார்கள். டியூஷன் சென்டர் என்பது நம் ஊர் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

ஹானர்ஸ் பட்டியலில் கடைசியாக வந்தவருக்கும் ஒரு பரிசு உண்டு. பட்டமளிப்பின்போது சக மாணவர்கள் மாடியிலிருந்து கயிற்றில் கட்டி ஒரு பெரிய மரக்கரண்டியை அவர் முன்னால் இறக்குவார்கள். சபை முழுக்கச் சிரிக்கும். வாங்கிக்கொண்டு அவரும் சிரிக்க வேண்டும்.

இந்த மார்க்குகளை வைத்து மனித மூளையை அளக்கலாம் என்று கிளம்பியவர் ஃபிரான்சிஸ் கால்டன், டார்வினுக்கு உறவினர். பரம்பரையாக வரும் மேதைமையைப் பற்றி 1869-இல் அவர் வெளியிட்ட நூலில் ட்ரைபாஸ் தேர்வு ஒன்றின் கணக்கு வருகிறது. மொத்தம் 17,000 மார்க். முதல்வர் வாங்கியது 7,634. இரண்டாமவர் 4,123. ஹானர்ஸில் கடைசி ஆள் 237. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் முப்பத்திரண்டு மடங்கு வித்தியாசம்! இந்த வித்தியாசம் மூளையிலேயே இருக்கிறது, அது பிறவியில் வருவது, குடும்ப வழியாக இறங்குவது என்பது கால்டனின் வாதம். இந்த வாதம் எங்கே போய் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல இரத்தம் பெருகட்டும், மற்றது குறையட்டும் என்கிற 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883-இல் உருவாக்கியவர் இதே கால்டன். மார்க் ஷீட்டில் ஆரம்பித்த கணக்கு எவ்வளவு தூரம் போயிற்று பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கால்டன் தாமே கேம்பிரிட்ஜில் கணித ஹானர்ஸுக்குப் படித்தவர். நடுவில் உடம்பும் மனமும் தளர்ந்து, ஹானர்ஸ் இல்லாத சாதாரணப் பட்டம் வாங்கிக்கொண்டு 1844-இல் வெளியே வந்தார். அவர் அளவுகோலை அவருக்கே வைத்திருந்தால் மரக்கரண்டிகூடக் கிடைத்திருக்காது.

1890-இல் அந்த அளவுகோல் கேம்பிரிட்ஜையே சங்கடத்தில் மாட்டியது. ஃபிலிப்பா ஃபாசெட் என்ற பெண் ட்ரைபாஸ் எழுதினார். பெண்கள் தேர்வு எழுதலாம். ஆனால் ரேங்க் கிடையாது, பட்டமும் கிடையாது. முடிவை வாசிக்கும்போது, இவர் "சீனியர் ராங்ளருக்கு மேலே" என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக வந்தவரைவிடப் பதின்மூன்று சதவீதம் அதிக மார்க். மார்க்தான் மூளை என்று நம்பியவர்கள் அடுத்த நாளே பெண்களுக்குப் பட்டம் கொடுத்திருக்க வேண்டுமல்லவா? கேம்பிரிட்ஜில் பெண்களுக்குப் பட்டம் கிடைத்தது 1948-இல்தான்.

1899-இல் புனே ஃபெர்குசன் கல்லூரி மாணவர் பராஞ்சபே, இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம் பெற்றார். முதல் இந்திய சீனியர் ராங்ளர். ஊர் திரும்பிய பின் கல்லூரி முதல்வராகவும், பிற்பாடு பம்பாய் மாகாணக் கல்வி மந்திரியாகவும் பெரிய வேலைகள் செய்தார். ஆனால் கணித ஆராய்ச்சியின் வரலாற்றில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது சிரமம். அது அவர் குறையில்லை. அந்தத் தேர்வு பார்த்தது வேறு: கொடுத்த கணக்கை, கொடுத்த நேரத்தில், தெரிந்த வழியில் எத்தனை வேகமாகப் போடுகிறாய் என்பதை.

இதை உள்ளிருந்தே உணர்ந்தவர் ஜி. எச். ஹார்டி. 1898-இல் நான்காம் இடம் வாங்கியவர். ரேங்க் பட்டியலை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1909-இல் கடைசி முறையாக வரிசை வெளியாயிற்று. கடைசி மரக்கரண்டியும் அந்த வருஷத்தோடு சரி. அதோடும் ஹார்டிக்குக் கோபம் தணியவில்லை. ட்ரைபாஸ் தேர்வே வேண்டாம் என்று 1926-இல் ஒரு தலைமையுரையே ஆற்றினார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1905-இல் கேம்பிரிட்ஜில் முதலிடம் பெற்ற இருவரில் ஒருவர் லிட்டில்வுட். அதே 1905-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார் ஒரு பதினேழு வயதுப் பையன். ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு பாடம் எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-லும், மறுபடி 1907-லும் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். இரண்டு முறையும் ஃபெயில். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் எஃப்.ஏ. தேறும். அது தேறினால்தான் பி.ஏ.

இந்த இடத்தில் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இதே ராமானுஜன் 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாக வந்தவர். உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு வாங்கியவர். கல்லூரி உதவித்தொகையும் தேர்வு கொடுத்ததுதான். பத்து வருஷத்துக்குள் ஒரு தேர்வு அவரை மாவட்ட முதல்வர் என்றது, இன்னொன்று லாயக்கில்லை என்றது. பையன் அதே பையன்தான்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். அந்தக் கடிதத்தை ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். நாலாம் ரேங்க்காரரும் முதல் ரேங்க்காரரும், எஃப்.ஏ. ஃபெயில் ஆனவரின் தாள்களை! லிட்டில்வுட் நிஜமாகவே பெரிய கணித மேதை என்பதையும் மறக்கக் கூடாது. முதல் ரேங்க் வாங்கியவரெல்லாம் மனப்பாடக் கிளிகள் என்று பேசுவது நம்மைப் போன்ற செகண்ட் கிளாஸ்காரர்களின் ஆறுதல் பேச்சு. 1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1920-இல் காலமானார், வயது 32.

ரேங்க்கை எதிர்த்த ஹார்டி பிற்காலத்தில் கணிதத் திறமைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்ட கதை ஒன்று உண்டு. பால் எர்டிஷ் சொன்னது. தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஜெர்மன் மேதை ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100. வாத்தியார் புத்தி யாரை விட்டது!

"அப்ப பரீட்சையே வேண்டாம்ங்கிறீங்களா சார்?" என்று மாணவத் தம்பி தங்கைகள் கேட்பது காதில் விழுகிறது. முப்பது வருஷம் பேப்பர் திருத்திய கை இது. அப்படிச் சொல்ல மாட்டேன். சிபாரிசு செய்ய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மார்க் ஷீட் ஒன்றுதான் சிபாரிசு. நம் கல்லூரியில் பலர் அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்கள்; நானும் அப்படித்தான். ராமானுஜனுக்குக்கூட, எஃப்.ஏ. போன பிறகு கைகொடுத்தது தேர்வு இல்லை, மனிதர்கள். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் போன்றவர்கள். ஹார்டியின் பதில் வந்தபின் சென்னைப் பல்கலைக்கழகமே பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ.-வில் ஃபெயிலாகி, ஒரு ராமச்சந்திர ராவும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அப்படி ஒருவனை எனக்குத் தெரியும். 1974, பி.யு.சி. ஹாஸ்டல் மொட்டை மாடியில் எனக்கு வகைநுண்கணிதம் புரியவைத்தவன். செங்கல் துண்டால் தரையில் வளைகோடு வரைந்து, "இங்கன நின்னு பாருடா, சரிவு தெரியுதா?" என்பான். பிற்பாடு நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தச் செங்கல் கோட்டிலிருந்துதான். அவன் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இங்கிலீஷில் ஃபெயில். செப்டம்பரில் மறுபடி எழுதி, மறுபடி ஃபெயில். ஊருக்குப் போய் அப்பாவோடு நெல் மண்டியில் உட்கார்ந்துவிட்டான். இன்றும் அங்கேதான். கால்குலேட்டர் வைத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு ஒன்றுகூடலுக்கும் அழைப்பு அனுப்புகிறோம். வருவதில்லை. போன வருஷம் நேரிலேயே போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நம் சங்கத்து உறுப்பினர் படிவத்தை மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினான். பெயர், முகவரி, படித்த ஆண்டு எல்லாம் அழகாக நிரப்பியிருந்தான். "பெற்ற பட்டம், வகுப்பு" என்ற கட்டம் மட்டும் காலி. "இதுல என்னத்தடா எழுத?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் இந்த விழா முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, பழைய கணிதத் துறை அறையில். ஊரில் தங்குகிற நண்பர்கள் கொஞ்சம் வந்து எனக்குத் துணையாகக் கையைத் தூக்குங்கள்.